துத்தநாக வெள்ளை

பம்பாய், செம்பூர், திலக் நகர்
12-2-1963

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி நம்பிராஜன் கும்பிட்டு எழுதுவது. நானும் பூமாரியும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். உன் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கு, அத்தான் சைக்கிள் கடையைப் பொழுதோடு பூட்டுறாரா, ரெண்டுக்கும் பதில் எழுது.

முதல்லே நல்ல சமாசாரம். பூமாரி முழுகாம இருக்கா. மூணு மாசம். அம்பாசமுத்திரம் பூரா டமாரம் அடிச்சிடாதே. போன ரெண்டு தடவையும் ஊருக்குச் சொல்லித்தான் கண்ணு பட்டுதுன்னு நீயே சொன்னவ. ஒண்ணு அஞ்சு மாசத்திலே போச்சு, ஒண்ணு ஏழு மாசத்திலே போச்சு. இந்தத் தடவை நான் மூச்சு விடவே பயந்துகிட்டு இருக்கேன்.

அதனாலே இந்த முறை மூணாம் மாசத்திலேயே முனிசிபாலிட்டி பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் ஹபீபான்னு ஒரு அம்மா. பூமாரியைப் பார்த்துட்டு, "உன் வீட்டுக்காரர் என்ன வேலை"ன்னு கேட்டிருக்காங்க. இவ, "இறந்து போனவங்க போட்டோவைப் பார்த்து எண்ணெய்ச் சாயத்திலே பெரிய படமா எழுதுவார்"னு சொல்லியிருக்கா. "எங்கே வெச்சு?" "வீட்லதான். ஒரே ரூம்." உடனே என்னை உள்ளே கூப்பிட்டு, வாயைத் திற, உதட்டைத் தூக்குன்னாங்க. என் ஈறிலே, பல்லு ஓரமா, ஒரு நீலக் கோடு ஓடுதாம். பூமாரிக்கும் இருக்கு, எனக்கு இருக்கிறதைவிட அழுத்தமா.

அது ஈயம் அக்கா. என் வெள்ளைச் சாயத்திலே இருக்கிற ஈயம். பிள்ளை தங்காததுக்கு அதுதான் காரணம்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா இருக்கலாம்னாங்க. "ஒண்ணு தொழிலை மாத்து, இல்லை சாயத்தை மாத்து, இல்லை பொண்டாட்டியை வேற வீட்டிலே வை"ன்னு சொல்லிட்டாங்க.

எனக்கு வேற தொழில் தெரியாது. அவளுக்கு வேற வீடு கிடையாது, தாயும் இல்லை. அதனாலே சாயத்தை மாத்தறேன். இந்தப் பிள்ளை பிழைச்சு வரணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்.

உன் பிரியமுள்ள,
நம்பி

அம்பாசமுத்திரம்
22-2-1963

ஏலே நம்பி, உன் கடுதாசி வந்த அன்னைக்கே பாபநாசம் சாமிக்கு மஞ்சத்துணியிலே காசு முடிஞ்சு வெச்சாச்சு. என் முழங்கால் கிடக்கட்டும். உங்க அத்தானும் கிடக்கட்டும், அவுக கடையைப் பூட்டுற நேரம் பூனை கூட தூங்கிருது.

மூணாவது மாசம்னு எழுதியிருக்கே. என்னிக்கு ரயிலேத்தி அனுப்பப் போற? இங்கே கொண்டாந்து விடு, நான் பார்த்துக்கிடுதேன். அந்த டாக்டர் பேச்சைக் கேட்டுக்கிட்டு நிக்காதே. வயித்தைப் பாக்கச் சொன்னா வாயைப் பாத்து அனுப்பியிருக்கா, இதுக்கு ஒரு ஆஸ்பத்திரி! நம்ம கீழத்தெரு ஆசாரி நாப்பது வருசமா பாத்திரத்துக்கு ஈயம் பூசுதான். அவனுக்கு ஒம்போது பிள்ளை. அவனை ஈயம் என்ன செஞ்சுது?

இது சாயத்தாலே வந்த விசயம் இல்லலே. ஜாதகத்தாலே வந்தது. நாக தோசம் இருக்குன்னு ஜோசியர் அப்பவே சொன்னாரு. ரெண்டாவதும் போனப்ப பம்பாய்க்கு ஓடியாந்து, நான் ஆஸ்பத்திரியிலே அவ மொகத்துக்கு நேராவே சொன்னேன், உன் வயிறு தங்காத வயிறுன்னு. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. உள்ளதைச் சொன்னா கோவம்தான் வரும். நான் யாருக்காகச் சொன்னேன்? உன் குடும்பம் வெளங்கணும்னுதானே.

சாயத்தை மாத்துதேன் சட்டியை மாத்துதேன்னு நேரத்தைப் போக்காம அவளை அனுப்பு. முறுக்கு சுட்டு வெச்சிருக்கேன், அங்கே வாரவுக யாராச்சும் இருந்தா கொடுத்து விடுதேன்.

இப்படிக்கு,
உன் அக்கா சொர்ணம்மாள்

செம்பூர்
9-3-1963

அன்புள்ள அக்காவுக்கு, முறுக்கு வந்து சேர்ந்தது. பாதி நொறுங்கியும் ருசி போகலை. நாங்க நல்லா இருக்கோம். உங்க ரெண்டு பேர் உடம்பும் தேவலையான்னு எழுது.

"வாயைப் பாத்து அனுப்பியிருக்கா"ன்னு படிச்சதும் சத்தம் போட்டுச் சிரிச்சேன். அதுக்கடுத்ததைப் படிச்சேன், சிரிப்பு நின்னுட்டுது. அக்கா, அந்தத் தங்காத வயிறு பேச்சை இனி எழுதாதே. பூமாரி தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. கூட்டிக் கூட்டியும் முடிச்சிடுவா. அதனாலே உன் கடிதத்தை அலமாரியிலே வைக்கலை, என் சட்டைப் பையிலேயே வெச்சிருக்கேன்.

அவளை அனுப்ப மாட்டேன். மூணு நாள் ரயில் பயணம் அவளுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நானும் அவ இல்லாம இங்கே இருக்க மாட்டேன். கோவிச்சுக்கோ.

இங்கே நடக்கிற கூத்தைக் கேளு. வெள்ளைப் பொடி வாங்குவேனே, தாராவி மெஹராஜ் பாய் கடை, அங்கே போய் "பாய், ஈயம் இல்லாத வெள்ளை இருக்கா"ன்னேன். "ஏன், இத்தனை நாள் நல்லாத்தானே போச்சு?"ன்னார். விசயத்தைச் சொன்னேன். ஏணியைப் போட்டு மேல் தட்டிலேருந்து ஒரு டப்பாவை இறக்கி, தூசியைத் தன் லுங்கியாலேயே துடைச்சுக் கொடுத்தார். துத்தநாக வெள்ளை. எண்ணெயிலே அரைச்சே வருது, பொடி வேலை இல்லை. ஆனா பழைய வெள்ளை மாதிரி மூடாது. மூக்கு நுனியிலே ஒரு பொட்டு ஒளி வைக்க மூணு தரம் பூச வேண்டியிருக்கு.

சிவப்புக்குச் சாதிலிங்கம் போட்டேனே, அதிலே பாதரசமாம். அதுக்குப் பதில் செங்காவி. மஞ்சளுக்கு மஞ்சக்காவி. இதையெல்லாம் சொல்றது பக்கத்து ரூம் ஷ்யாமளா டீச்சர். மாதுங்காவிலே பள்ளிக்கூடத்திலே வேலை பார்க்கிறாங்க, அங்கே லைப்ரரியிலே ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் எடுத்து வந்து எனக்கு வரி வரியாச் சொல்றாங்க. டர்ப்பன்டைன் வாடை வீட்டிலே கூடாதுன்னதும் அதை நிறுத்திட்டேன். இப்போ பிரஷ்ஷைத் துணியிலே துடைச்சு, எண்ணெயிலே அலசி, சோப்புப் போட்டுக் கழுவறேன். பூமாரியோட துணி சோப்பு எனக்கே தீருது. சீக்கிரம் காயறதுக்காக எண்ணெயிலே மிருதாரசிங்கி போட்டுக் காய்ச்சுவேன் பாரு, அதுவும் ஈயம்தானாம். விட்டாச்சு. வேலையெல்லாம் வெளி வராந்தாவிலே. சாய வேலைக்குன்னு தனிச் சட்டை. கை கழுவாம தட்டிலே கை வெச்சா பூமாரி கரண்டியாலே அடிக்கிறா.

ஒரு பழக்கம்தான் போக மாட்டேங்குது. கண்ணிமை எழுதறப்போ பிரஷ்ஷை உதட்டிலே வெச்சுக் கூராக்கிடுவேன். பதினஞ்சு வருசப் பழக்கம். பூமாரி தினமும் காலையிலே என் உதட்டிலே வேப்பெண்ணெய் தடவி விடறா. காபி கூட கசக்குது, அதை யார்கிட்டே சொல்றது?

பூசறவனைவிட அந்தப் பொடியை அரைக்கிறவங்களுக்குத்தான் உடம்பிலே அதிகம் ஏறுமாம், டாக்டர் சொன்னாங்க. சரி, அதை விடு. பூமாரிக்குப் பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருக்காங்க. பாலைக் கண்டாலே ஓடறா.

பதில் போடு.
நம்பி

செம்பூர்
14-4-1963

அக்காவுக்கு நமஸ்காரம். நாங்க சுகம். ஒரு மாசத்துக்கு மேலே ஆச்சு, உன்கிட்டேருந்து ஒரு வரி இல்லை. நீ எழுதாம இருந்ததே கிடையாதே. நான் "எழுதாதே"ன்னு சொன்னது அந்த ஒரு பேச்சை மட்டும்தான், நீ மொத்தமாவே நிறுத்திட்டியா? இல்லை உடம்பு ஏதும் சரியில்லையா?

அஞ்சு மாசம் ஆகுது. முதல் பிள்ளை தவறிப் போனது இந்த மாசத்திலேதான். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் காலண்டர்லே ஒரு கோடு போடறேன். நேத்து பிள்ளை அசைஞ்சுதுன்னு பூமாரி சொன்னா. சொல்லிட்டு, "சொல்லியிருக்கக் கூடாதோ"ன்னு வாயைப் பொத்திக்கிட்டா. நான் கையிலே இருந்த பிரஷ்ஷைக் கீழே போட்டுட்டேன். அது கீழ் வீட்டுக்காரர் கொடியிலே காயப் போட்டிருந்த வேட்டியிலே போய் விழுந்தது. அந்தச் சண்டையைத் தனிக் கடிதமா எழுதணும்.

உன் பதிலைப் பார்த்துக்கிட்டு இருக்கிற,
நம்பி

அம்பாசமுத்திரம்
23-4-1963

மாப்பிள்ளை நம்பிராஜனுக்கு அத்தான் சொரிமுத்து எழுதுவது. எல்லோரும் க்ஷேமம். உங்க அக்காவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை, பயப்பட வேண்டாம். தினமும் இன்லண்டு வாங்கி வரச் சொல்லுதா, எழுத உக்காருதா, ரெண்டு வரி எழுதிக் கிழிச்சுப் போடுதா. நாலு இன்லண்டு அடுப்பிலே போயாச்சு. இன்னொரு விசயம். ஒரு மாசமா அவ அம்மியிலே கை வைக்க மாட்டேங்கா. துவையல் கிடையாது, சட்னி கிடையாது. கேட்டா அழுதா. உங்களுக்கு ஏதும் விவரம் தெரியுமா? தெரிஞ்சா எழுதுங்க. நான் பொடி தொட்டுச் சாப்பிட்டு நாக்கு செத்துப் போச்சு.

சொரிமுத்து

அம்பாசமுத்திரம்
11-5-1963

நம்பி, நல்லா இருக்கியாய்யா? அவ நல்லா இருக்காளா? இதைக் கிழிக்காம போஸ்ட் பண்ணணும்னு சாமி மேலே ஆணை வெச்சு எழுதுதேன்.

நீ கெட்டிக்காரன். பொடியை அரைக்கிறவங்களுக்குத்தான் மோசம்னு எழுதிட்டு "அதை விடு"ன்னு தாண்டிப் போயிட்டே. யாரு அரைச்சா, எதிலே அரைச்சான்னு எழுதலை. நீ எழுதாம விட்டதாலேதான்லே எனக்கு வெளங்கிச்சு.

உன் கல்யாணத்துக்கு அப்புறம் நான் பம்பாய்க்கு வந்து ரெண்டு மாசம் இருந்தேன். நீ எண்ணெயிலே அரைச்சு டியூப்பிலே வார வெள்ளையைத் தேடி கடை கடையா அலைஞ்சுகிட்டு இருந்தே, சீமையிலேருந்து வரலைன்னு. நான்தான் சொன்னேன்: "எதுக்குலே டியூப்பு? பொடியை வாங்கு. நான் சீராக் கொண்டாந்த அம்மி எதுக்கு இருக்கு? இவ சும்மாத்தானே இருக்கா, அரைச்சுத் தரட்டும்." அவ கிட்டே உக்காந்து எப்படி வழிக்கணும், எப்படி சாம்பல் போட்டு அம்மியைக் கழுவணும்னு சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அதே அம்மியிலேதானே தேங்காயும் மிளகாயும் அரைச்சு நீங்க சாப்பிட்டீக. நாலு வருசம்.

அந்தப் பிள்ளை நான் சொன்னதை மீறாம அரைச்சிருக்கா. நான் அவளைப் பார்த்துத் தங்காத வயிறுன்னேன். நான் மனுசியாலே?

நீ உண்மையைச் சொல்லு. அம்மியிலேதானே? இல்லைன்னா இல்லைன்னு எழுது, நான் கொஞ்சம் தூங்குவேன். ஆமான்னாலும் எழுது. அவகிட்டே மட்டும் நான் கேட்டதைச் சொல்லாதே. எனக்கு அவ மொகத்திலே முழிக்க முடியாது.

சொர்ணம்

செம்பூர்
27-5-1963

என் அக்காவுக்கு, நானும் அவளும் நல்லா இருக்கோம், பிள்ளையும் நல்லா இருக்கு. அதை முதல்லே படிச்சுக்கோ.

அம்மியிலேதான் அக்கா. உன்கிட்டே பொய் சொல்ல வரலை. ஆனா கேளு. அம்மியைக் காட்டினது நீ. பொடியை வாங்கி வந்தது நான். அரைச்சது அவ. மூணு பேருக்கும் அது பவுடரா பாஷாணமான்னு தெரியாது. கடைக்காரர் மெஹராஜ் பாய்க்கே தெரியாது. அவர் இப்போ வர்றவங்ககிட்டே எல்லாம் "வீட்டிலே பிள்ளைத்தாச்சி உண்டா"ன்னு கேட்டுத்தான் பொடி விக்கிறாராம். தினமும் பதினாலு மணி நேரம் அந்தச் சாயத்தோட உக்காந்து, அதை உதட்டிலே வெச்சவன் நான். தெரிஞ்சிருக்கணும்னா எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்.

அந்த அம்மியைச் சமையலுக்கு வெச்சுக்கலை. காலி இடத்திலே குழி தோண்டிப் போட்டாச்சு. பாவம், பக்கத்து வீட்டுக்காரங்க நான் புதையல் எடுக்கிறேன்னு நினைச்சு சுத்தி நின்னுட்டாங்க.

அவகிட்டே எதையும் சொல்லலை. உன் கடிதமும் சட்டைப் பையிலேதான் இருக்கு. நீ தயவு செஞ்சு துவையல் அரை. அத்தான் பாடு பார்க்க முடியலை.

நம்பி

செம்பூர்
30-6-1963

அன்புள்ள அக்காவுக்கு, மழை கொட்டுது. மூணு வாரமா சுவரெல்லாம் ஊறிக் கிடக்கு. எங்க ரெண்டு பேருக்கும் சளி மட்டும்தான். அங்கே தென்றல் அடிக்குமே, கொடுத்து வெச்சவங்க.

ஏழாம் மாசம் தாண்டிடுச்சு. இதை எழுதவே கை கூசுது. வளைகாப்பு வேண்டாம், பிள்ளையைக் கையிலே வாங்கின பிறகு எது வேணுமோ செய்யுங்கன்னு பூமாரி சொல்லிட்டா.

இப்போ என் மானம் போன கதை. தாராவியிலே பலசரக்குக் கடை வேலுச்சாமியோட அப்பா பிச்சை தாத்தா காலமாயிட்டார். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் படம் வேணும்னார். பழைய சாயமா இருந்தா நாலு நாள்லே காய்ஞ்சிடும். இதுவோ துத்தநாகம், மிருதாரசிங்கியும் கிடையாது, ஊரெல்லாம் மழை. இருந்தும் ஒத்துக்கிட்டேன். கொடுக்கிறப்போ படத்திலே அவரோட சட்டை ஓரத்தை விரலாலே தொட்டுப் பார்த்தேன், ஒட்டலை. நெற்றியிலே வெளிச்சம் வேணும்னு அங்கே மட்டும் கனமாப் பூசியிருந்தது மறந்து போச்சு.

படத்தை நடுவீட்டிலே வெச்சாங்க. மாலையைப் போட்டாங்க. உல்லாஸ்நகர்லேருந்து வந்த மூத்த மக ஆவுடையம்மாள், "எப்பா!"ன்னு அழுதுக்கிட்டே சந்தனத்தை எடுத்து, நெற்றியிலே கட்டை விரலை வெச்சு அழுத்தினா. விரலை எடுத்தா, தாத்தாவோட நெற்றி அந்த விரலோட வந்துட்டுது. நெற்றி இருந்த இடத்திலே படம் எழுதின துணி தெரியுது. யாரோ ஒருத்தர் துண்டை எடுத்துத் துடைக்கப் போய், ஒரு புருவம் காதுகிட்டே நகர்ந்து போச்சு. மாலையிலேருந்து நாலு செவ்வந்தி கழுத்திலே ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. பின்னாலேருந்து ஒரு அம்மா, "பெரியவருக்கு வேர்க்குது, வேர்க்குது"ன்னு கன்னத்திலே போட்டுக்கிட்டா.

நான் அங்கேயே பூமியிலே புதைஞ்சிடலாம்னு நின்னேன். அப்போ தாத்தாவோட சம்சாரம் இசக்கியம்மாள் மூலையிலேருந்து எழுந்து வந்து, படத்தை உத்துப் பார்த்துட்டு, சிரிச்சாங்க அக்கா. பதினாறாம் நாள்லே. "உயிரோட இருக்கையிலே ஒரு நாள் நெத்தியிலே சந்தனம் வைக்க விட்டிருப்பாரா? வெச்ச வேகத்திலே தொடைச்சுப் போட்டுருவாரே. இது அந்த மனுசனேதான்"னாங்க. எல்லாரும் சிரிச்சு, சிரிச்சதுக்கு அழுது, ஒரே களேபரம்.

ஆனா வேலுச்சாமி சிரிக்கலை. படத்தைத் திருப்பி அனுப்பிட்டார். தாராவி பூரா "நம்பி எழுதின படத்திலே நெத்தி கழண்டு வருமாம்"னு பேச்சு. கையிலே இருந்த ரெண்டு வேலையை வேண்டாம்னுட்டாங்க. பிள்ளை வர்ற நேரத்திலே தொழில் போனா என்ன பண்றது?

உன்கிட்டே மறைக்கலை. பழைய பொடி ஒரு டப்பா பரண்லே இருக்கு. பூமாரிக்குத் தெரியாது. மிருதாரசிங்கியும் ஒரு பொட்டணம் இருக்கு. வெளியே கொண்டு போய், ஒரு தடவை மட்டும், ஒரு சிட்டிகைன்னு மனசு சொல்லுது. இதை எழுதறப்பவும் கண்ணு பரண் பக்கம் போகுது.

நம்பி

அம்பாசமுத்திரம்
8-7-1963

ஏலே, உன் சளியும் வேண்டாம் தென்றலும் வேண்டாம். பரண்லேருந்து அந்தச் சனியனை இறக்கு. இறக்கிட்டுத்தான் இந்தக் கடுதாசியை மேலே படிக்கணும்.

இறக்கிட்டியா?

ஒரு சிட்டிகையாம். நானும் அப்படித்தான் சொன்னேன், "ஒரு கை அரைச்சுத் தந்தா என்ன கொறைஞ்சா போகும்"னு. படம் காயலைன்னா காயாம கிடக்கட்டும். செத்துப் போனவருக்கு என்னலே அவசரம்? அவர் எங்கே போகப் போறாரு? வர வேண்டிய பிள்ளைக்குத்தான் நேரம் காலம் எல்லாம். வேலுச்சாமிகிட்டே போயி வருசத் திதிக்கு வாங்கிக்கோன்னு சொல்லு. வாயில்லையா உனக்கு? வேப்பெண்ணெய் தடவி வாயும் போச்சா?

அந்த இசக்கியம்மாளை நெனைச்சு நெனைச்சு சிரிச்சேன். உங்க அத்தான் என்னமோன்னு ஓடியாந்து பார்த்தாக. நாலு மாசத்துக்கு அப்புறம் இப்பத்தான் நான் சிரிக்கேனாம்.

அவளுக்கு ஒம்போதாம் மாசம் ஆகப் போகுது. கூட ஒரு பொம்பளை வேண்டாமா? நான் வரணும்னு காலு துடிக்கி. வந்தா அவ வாசல்லே நிக்க வெச்சுருவாளோன்னு பயமாவும் இருக்கு. நிக்க வெச்சாலும் நியாயம்தான்.

சொர்ணம்

செம்பூர்
20-7-1963

மதினிக்கு, பூமாரி வணக்கத்தோட எழுதறேன். எனக்கு உடம்பு டீக்கா, நல்லா இருக்கு. காலு மட்டும் வீங்குது. உங்களுக்கும் அண்ணாச்சிக்கும் சுகமா? நான் முதல் தடவை தமிழ்லே கடிதம் எழுதறேன். மூணு நாளா எழுதறேன். ஷ்யாமளா டீச்சர் திருத்தித் தரேன்னாங்க, நான் வேண்டாம்னேன். இது நமக்குள்ளே.

உங்க தம்பி கடிதத்தை எல்லாம் சட்டைப் பையிலே ஒளிச்சு வெக்கிறார். அந்தச் சட்டையைத் துவைக்கிறது யாரு மதினி? எல்லாத்தையும் படிச்சிட்டேன். பரண் டப்பாவையும் இறக்கி மெஹராஜ் பாய் கடையிலேயே கொடுத்துட்டு வந்தேன். இவர் மறுநாள் பரண்லே ஏறித் தேடிட்டு இறங்கினார். இறங்கினதும் என் காலைப் பிடிச்சு விட்டார்.

வேலுச்சாமி வீட்டுக்கும் நானே போனேன். இவர்கிட்டே கரித்துண்டாலே தாத்தா முகத்தை ஒரு தாள்லே எழுதச் சொல்லி, கண்ணாடி போட்டு எடுத்துட்டுப் போனேன். இந்த வயித்தோட பஸ்ஸிலே ரெண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தாங்க. "இது இப்பத்துக்கு. சாயப் படம் வருசத் திதிக்கு, நல்லா காய்ஞ்சு வரும். எங்க வீட்டிலே குழந்தை வரப் போகுது, அதனாலே சாயம் மாத்தியிருக்கோம்"னேன். இசக்கியம்மா ஆச்சி படத்தை வாங்கிக் கண்ணாடி மேலேயே சந்தனம் வெச்சாங்க. "இப்போ தொடைக்கட்டும் பாப்போம்"னாங்க. போன ரெண்டு வேலையும் திரும்பி வந்துடுச்சு. இனி எல்லாருக்கும் இதே மாதிரிதான். பதினாறுக்குக் கரி, வருசத்துக்குச் சாயம்.

இப்போ உங்க விசயம். அம்மியைப் பத்தி நீங்க அழ வேண்டாம். அது தெரியாம நடந்துச்சு. எனக்கு அதிலே கோபம் இல்லை. ஆனா ஆஸ்பத்திரியிலே சொன்னீங்களே, அது தெரிஞ்சு சொன்னது. நான் கட்டில்லே படுத்திருந்தேன். பிள்ளையை அப்பத்தான் துணியிலே சுத்தி எடுத்துட்டுப் போனாங்க. அந்த நேரத்திலே சொன்னீங்க. அது இன்னும் வலிக்குது மதினி. இல்லைன்னு எழுதினா பொய்.

அதுக்கு நீங்க ஒரு காரியம் செய்யணும். எனக்கு அம்மா இல்லை. பிள்ளை பிறந்ததும் சேனை வெக்கணும்ல, சர்க்கரைத் தண்ணி முதல் சொட்டு. வெக்கிறவங்க குணம்தான் பிள்ளைக்கு வரும்னு தாராவியிலே சொல்வாங்க. நீங்க வந்து வெக்கணும். "அக்கா வெச்சா அக்கா வாய் வந்துடும்"னு இவர் பயப்படறார். வரட்டும். இந்த ஊர்க் குழாயடியிலே ரெண்டு குடம் தண்ணி பிடிக்க அந்த வாய் வேணும். ஆனா யார் வயித்தைப் பத்தியும் பேசக் கூடாதுன்னு நீங்களே அதுக்குச் சொல்லிக் கொடுங்க.

ஜல்தி வாங்க. டாக்டரம்மா ஆகஸ்ட் இருபதுன்னு சொல்றாங்க.

பூமாரி

செம்பூர்
22-8-1963

வீட்டுக்காரவுகளுக்கு, சொர்ணம் எழுதுதேன். நான் சௌக்கியம். நீங்க சாப்பிட்டீகளா?

பொம்பளைப் பிள்ளை. நேத்து காலையிலே எட்டே காலுக்கு. ஆறு ராத்தல். கை கால் எல்லாம் சரியா இருக்கு, நான் நாலு தரம் எண்ணிட்டேன். தாயும் நல்லா இருக்கா. டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துட்டு, தாய் ஈறையும் பார்த்தாக. கோடு வெளிறிட்டு வருதாம். இனிமே வாயைப் பார்த்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

நம்பி வெளியே பெஞ்சிலே உக்காந்து தேம்பித் தேம்பி அழுதான். நர்சம்மா ஏதோ ஆகிப் போச்சுன்னு பயந்து ஓடி வந்தா.

பிள்ளையை என் மடியிலே வெச்சாக. சர்க்கரைத் தண்ணியிலே விரலைத் தொட்டுட்டேன், ஆனா கையைக் கொண்டு போக முடியலை. பத்து நாளா அந்த வீட்டிலே அவ கூடவே இருந்தும் நான் அதைப் பேசலை, அவளும் பேசலை. அப்பத்தான் வாய் வந்துச்சு. "பூமாரி, அன்னைக்கு நான் பேசினது பாவம்மா. என்னை மன்னிச்சிரு"ன்னேன். அவ கண்ணை மூடிக்கிட்டே, "பிள்ளை பசியிலே கத்துது மதினி, முதல்லே வையுங்க"ன்னா. வெச்சேன். சப்புக் கொட்டிச்சு.

வெச்ச மறு நிமிசம் பிள்ளை ஒரு அழுகை அழுதா பாருங்க, அடுத்த வார்டிலே இருக்கவுகளும் எட்டிப் பார்த்துட்டாக. நர்சம்மா சிரிச்சுக்கிட்டு, "இது யார் மாதிரி"ன்னு இந்தியிலே கேட்டா. பூமாரி என்னைக் கை காட்டினா.

நான் வர ரெண்டு மாசம் ஆகும். நீங்களே பொங்கிச் சாப்பிடுங்க.

சொர்ணம்